கூட யாரு வந்திருக்கீங்க?

காலை ஆறரை மணிக்குத் திட்டக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். கையில் தூக்குவாளியில் ரசம் சாதம், பிளாஸ்கில் பால். அண்ணன் மகளுக்கு முந்தின நாள்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால், "ரெண்டு பேரும் இப்பத்தான் கண்ணசந்தாங்க, எழுந்ததும் கூப்புடுறன்" என்று அண்ணி வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாள். பிரசவ அறைக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பத்தரை மணி வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன். யாரோடும் பேசவில்லை.

வராந்தாவில் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். ரெட்டைச் சடை, நைட்டி, தோளில் ஒரு துண்டு. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதிவரை ஏறியிருந்தன. அவள் நடக்க நடக்க வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, வலி வருவதைச் சொல்வது அந்தச் சத்தமில்லை, சத்தம் நிற்பதுதான் என்று. வலி வந்ததும் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். வராந்தாவே நிசப்தமாகிவிடும். ஒரு நிமிடம் போனால் மறுபடி கலகலவென்று கிளம்பும்.

கூட ஒரு ஆயா இருந்தாள், அம்மாவைப் பெற்றவள். அம்மாக்காரி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள், ராத்திரியே பஸ் ஏறிவிட்டாளாம். ஆயாவுக்கு அறுபத்தைந்துக்குக் குறையாது. இடுப்பில் சுருக்குப் பை. பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "முந்தாநாளு ராத்திரியே வலிக்குதுன்னா. சீரகத்த வறுத்துக் கொதிக்க வச்சிக் குடுத்தன். அடங்கிடுச்சி. அது சூட்டு வலி. நேத்தும் குடுத்தன், அடங்கல. சரி, இது அந்த வலிதான்னு ஆட்டோ புடிச்சிட்டம்."

நான் பார்த்துக்கொண்டே இருந்தது அந்த ஆயாவின் வலது கையை.

வளையல் சத்தம் நின்ற நொடியில் அந்தக் கை பேத்தியின் இடுப்புக்குப் பின்னால் போய்விடும். முதுகெலும்பு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே உள்ளங்கையின் அடிப்பாகத்தைப் பதித்து, அம்மியில் குழவியைத் தள்ளுகிற மாதிரி தோளிலிருந்து பலம் கொடுத்து அழுத்துவாள். மெல்ல ஒரு வட்டம், அப்புறம் மறுபடி அழுத்தம். இடது கை பேத்தியின் நெற்றியில் இருக்கும். "வலி வருதா? வரட்டும். வந்துட்டுப் போவட்டும். பல்லக் கடிக்காத. தோள எறக்கு." பேத்தியின் தோள் இறங்குவதை நானே பார்த்தேன். காதுவரை ஏறியிருந்த தோள், அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு விரற்கடை தணிந்தது.

தேய்த்தால் வலி ஏன் குறைகிறது என்பதற்கு 1965-ல்தான் அறிவியல் ஒரு விளக்கம் சொன்னது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் எழுதியது. வலியைக் கொண்டுபோகும் நரம்புகளுக்குத் தண்டுவடத்தில் ஒரு வாசல் இருப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தையும் தொடுதலையும் கொண்டுபோகும் பருமனான நரம்புகள் வேலை செய்யும்போது அந்த வாசல் பாதி சாத்திக்கொள்ளும், வலி முழுசாக மூளைக்குப் போய்ச் சேராது என்றார்கள். பின்னால் அந்த விளக்கத்தில் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன, ஆனாலும் அடிப்படை நிற்கிறது. முட்டி இடித்துக்கொண்ட குழந்தை தானாகவே முட்டியைத் தேய்த்துக்கொள்வதும் இதனால்தான். மெல்சாக் பிறகு பிரசவ வலியையும் அளந்து பார்த்தார். தலைப்பிரசவத்தின் வலி, அவர் அளந்த வலிகளிலேயே மிகக் கடுமையானவற்றோடு சேர்ந்தது. அதைத்தான் 'எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே' என்று ஒரு வாக்கியத்தில் தள்ளிவிடுகிறோம்.

நர்ஸ் ஒருத்தி வெளியே வந்தாள். சின்னப் பெண்தான். "படுக்காத, நடந்துக்கிட்டே இரு. கால் வலிச்சா ஒக்காரு, மறுபடி நட" என்றாள். முன்பெல்லாம் வலி வந்துவிட்டால் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிடுவார்கள், அசையக் கூடாது. இப்போது உலக சுகாதார நிறுவனமே நடக்கச் சொல்கிறது. 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நடந்துகொண்டும் நிமிர்ந்து உட்கார்ந்தும் இருந்த பெண்களுக்கு வலியின் முதல் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்திருக்கிறது. வலியில் இருப்பவளுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று பெற்றவளைக் கேட்டால் சொல்வாள்.

"வலி ஊசி போடுவீங்களா சிஸ்டர்?" என்று ஆயா கேட்டாள். "தானாவே நல்லா வருது ஆயா. தேவைப்பட்டா டாக்டர் போடுவாங்க." அதற்குள் வளையல் சத்தம் நின்றது. நர்ஸ் பெண் போகாமல் நின்றாள். "மூக்கால இழு. இப்ப வாயால ஊது. டீ சூடா இருந்தா எப்பிடி ஊதுவ? அந்த மாதிரி மெதுவா. டீ சிந்தக் கூடாது." பேத்தி உதட்டைக் குவித்து ஊதினாள். ஆயாவும் கூடவே ஊதினாள். பெஞ்சில் இருந்த எங்கள் வாயும் குவிந்துவிட்டது. ஏழு எட்டு முறை ஊதுவதற்குள் அந்த வலி போய்விட்டது.

இதையெல்லாம் மனசைத் தேற்றுகிற வேலை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. தசை இறுகுகிறது, கருப்பையின் சுருக்கம் தாளம் தப்புகிறது, வலி நீள்கிறது, நீளும் வலி இன்னும் பயத்தைக் கூட்டுகிறது. கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1930-களிலேயே இந்தச் சுழலைப் பற்றி எழுதினார். பயமில்லாவிட்டால் வலியே இருக்காது என்கிற அளவுக்கு அவர் போனதை நான் ஏற்கவில்லை. வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் பயம் அதன்மேல் ஏற்றிவைக்கும் பாரத்தை இறக்க முடியும். மூச்சும் அழுத்தமும் வெந்நீர் ஒத்தடமும் பாட்டும் அதற்கு உதவும் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளிலேயே இருக்கிறது.

வெந்நீர் என்றதும் அந்தப் பாட்டில் நினைவுக்கு வருகிறது. எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். எதிர் டீக்கடையில் பத்து ரூபாய் கொடுத்து வெந்நீர் நிரப்பி, பருத்தித் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் ஆயா அதைப் பேத்தியின் இடுப்பில் வைத்தாள். குழந்தைக்குப் பால் கொடுக்குமுன் புறங்கையில் விட்டுப் பார்ப்போமே, அதே கவனம். ஒவ்வொரு வலிக்கும் நடுவில் பாட்டில், வலி வரும்போது உள்ளங்கை. இரண்டு மணி நேரம் இந்த முறை தவறவில்லை.

பள்ளிக்கூடச் சீருடையில் இன்னொரு பேத்தி வந்திருந்தாள், பதினான்கு வயதுக்காரி. அக்காவைப் பார்த்துவிட்டு ஸ்கூலுக்குப் போகவேண்டியவள், பெஞ்சு ஓரத்தில் முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சுருண்டிருந்தாள். ஆயா ஒரு பார்வை பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. பாட்டிலைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "அடிவயித்துல வச்சிக்க. மூணாம் நாளு தெளிஞ்சிடும்." அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்து, புத்தகப் பையைக் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டு பாட்டிலை அணைத்தாள்.

மாதவிடாயின்போது கருப்பையின் உள்சுவரில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் அந்தத் தசையை முறுக்கிப் பிழிவதால்தான் அந்த வலி. சூடு பட்டால் தசை தளர்கிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது. 2001-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வில், கிட்டத்தட்ட 39 டிகிரி சூட்டை அடிவயிற்றில் தொடர்ந்து வைத்ததில் கிடைத்த நிவாரணம், ஐபுபுரூஃபன் மாத்திரையில் கிடைத்ததற்குச் சமமாக இருந்தது. 39 டிகிரி என்பது கன்னத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய இதமான சூடுதான். கொதிக்கக் கொதிக்க வைத்துத் தோலைப் பொசுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாதா மாதம் ஸ்கூலுக்குப் போகமுடியாத அளவுக்கு வலித்தாலோ, ரத்தம் அளவுக்கு மீறிப் போனாலோ பாட்டிலோடு நின்றுவிடக் கூடாது, டாக்டரிடம் காட்டவேண்டும். பொறுத்துக்கொள் என்று சொல்லிச் சொல்லியே நாம் எத்தனை நோய்களை வளர்த்திருக்கிறோம்.

எட்டரை மணிக்குப் பேத்தியை உள்ளே கூட்டிப்போனார்கள். "கூட யாரு வந்திருக்கீங்க?" என்று நர்ஸ் கேட்டதும் ஆயா சுருக்குப் பையைச் சின்னப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. திரை மட்டும் தெரிந்தது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நர்ஸ் பெண்ணின் குரல்: "இப்பக் கை வச்சிப் பாக்கப் போறன். முதல்ல கொஞ்சம் ஜில்லுனு இருக்கும். வலிச்சா நிறுத்துன்னு சொல்லு, நிறுத்திடுவன். சரியா? வைக்கட்டுமா?" கொஞ்சம் பொறுத்து, "ம்" என்று ஒரு சின்னக் குரல்.

'வைக்கட்டுமா' என்ற அந்த ஒரு சொல்லில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

2002-ல் நான் பிள்ளை பெற்றேன், வேறொரு ஊரில். தனியாகத்தான் கிடந்தேன். அம்மா கதவுக்கு வெளியே. யார் வருகிறார்கள், என்ன செய்யப்போகிறார்கள் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. கத்தியதற்குக் கிடைத்த வசவை இங்கே எழுத மாட்டேன். தமிழ்நாட்டில் பிள்ளை பெற்ற முக்கால்வாசிப் பேருக்கு அது எந்த வசவு என்று தெரியும். வலி மறந்துவிட்டது, அது உண்மைதான். அந்தக் கூரையில் ஓடிய விரிசலும், கையை நீட்டினால் பிடிக்க இரும்புக் கம்பி மட்டும் இருந்ததும் மறக்கவே இல்லை.

அதற்கும் முன்னால், வீட்டில் பெற்ற காலத்தில், பெண்கள் தனியாகக் கிடந்ததில்லை. மருத்துவச்சி இருப்பாள், அம்மா இருப்பாள், இடுப்பைப் பிடிக்க ஒருத்தி, வெந்நீர் போட ஒருத்தி. கூரையில் கயிறு தொங்கும், பிடித்துக்கொள்ள. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ரத்தப்போக்கில், ஜன்னியில், பிள்ளை குறுக்கே மாட்டிக்கொண்டு எத்தனை பேர் போனார்கள் என்று கணக்கே இல்லை. ஆஸ்பத்திரி வந்ததால்தான் உயிர்கள் பிழைத்தன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. நாடே அண்ணாந்து பார்க்கும் எண்ணிக்கை. ஆனால் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாறியபோது, கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டது அந்த இடுப்பைப் பிடிக்கிற கை. அதே ஆய்வு இன்னொரு எண்ணிக்கையையும் சொல்கிறது: தமிழ்நாட்டில் 100-க்கு 44.9 பிரசவங்கள் வயிற்றைக் கிழித்து எடுத்தவை.

அந்தக் கையை மறுபடி உள்ளே விட்டதிலும் தமிழ்நாடுதான் முந்திக்கொண்டது. 2004-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்று திட்டம் வந்தது. நான் பெற்று இரண்டு வருஷம் கழித்து. 2016-ல் மத்திய அரசு நாடு முழுதும் அரசு மருத்துவமனைகளில் இதை அனுமதித்தது. துணைக்கு வருபவள் பிள்ளை பெற்றவளாக இருக்கவேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான துணி உடுத்தியிருக்கவேண்டும், கடைசிவரை கூடவே இருக்கவேண்டும், சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது, அறையிலுள்ள மற்றப் பெண்களைக் கவனிக்கப் போகக் கூடாது. மறைப்பு வசதி சரியாக இருக்கிற இடங்களில் கணவனும் வரலாம் என்றும் அதில் உண்டு. நான் பார்த்த கணவன் வேப்பமரத்தடியில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல், கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முதுகில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்கிற முறையும் இருக்கிறது. அதற்கு மயக்க மருத்துவர் எந்நேரமும் பக்கத்தில் இருக்கவேண்டும். சின்ன ஊர்களுக்கு அது சுலபத்தில் எட்டாது. எட்டுகிற இடத்தில் ஒருத்தி அதைக் கேட்டால் அவளை யாரும் குறைவாகப் பேசக் கூடாது, அது அவள் உடம்பு. எட்டாத இடத்தில் இருப்பவளுக்கும் ஏதாவது வேண்டுமே. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை 2017-ல் தொகுத்துப் பார்த்தார்கள். கடைசிவரை கூடவே ஒருவர் இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதல், சிசேரியன் குறைவு, வலி நேரமும் குறைவு. இதற்கெல்லாம் முன்னோடியாக குவாத்தமாலாவில் நடந்த ஆய்வு 1980-ல் வெளிவந்தது. அதில் துணையில்லாதவர்களுக்குப் பிரசவ நேரம் சராசரி 19.3 மணி, துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி. சில பத்துப் பேரிடம் நடந்த சின்ன ஆய்வுதான். ஆனால் அதில் துணைக்கு இருந்தவள் அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. அந்தப் பெண்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த ஒரு பெண்மணி.

காலையில் ஆயா தன் கதையையும் சொல்லியிருந்தாள். "எங்கம்மா வூடு ஆத்துக்கு அந்தாண்ட. ஐப்பசி மாசம், வெள்ளாத்துல தண்ணி ரெண்டு கரையும் போவுது. எப்பிடி வரும்? பக்கத்து வூட்டுக்காரிதான் என் இடுப்பப் புடிச்சா. அவளுக்கும் எங்களுக்கும் வரப்புச் சண்டை, பேச்சுவார்த்த கெடையாது. சத்தம் கேட்டு வந்துட்டா." கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் திருச்சி மலைக்கோட்டை நினைவு வந்தது. ரத்தினாவதிக்குப் பேறுகாலம், காவிரியில் வெள்ளம், தாய் அக்கரையில் நிற்கிறாள், சிவனே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். அதனால் தாயுமானவர். இன்றைக்கும் அங்கே கர்ப்பிணிகள் வாழைத்தார் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். சாமி நினைத்தால் வெள்ளத்தை வடியவைத்திருக்கலாம், வலியே இல்லாமலும் செய்திருக்கலாம். அந்தக் கதையைக் கட்டிய நம் ஊர்க்காரர்கள் அவரை அப்படி எதுவும் செய்யவிடவில்லை. கிட்டே வந்து உட்காரத்தான் வைத்தார்கள்.

பத்தே கால் இருக்கும். உள்ளே நர்ஸ் பெண்ணின் குரல் உயர்ந்தது, கூடவே ஆயாவின் குரல். "முக்கு, அம்மாடி முக்கு... போதும், ஊது, டீய ஊது..." அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குழந்தை அழுதது. வேப்பமரத்தடியில் நின்றவன் அப்படியே குந்திவிட்டான்.

ஆயா வெளியே வந்தாள். "ஆம்பளப் புள்ள. ரெண்டும் நல்லாருக்கு" என்று அவனிடம் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். வலது முன்கையில் நகம் பதிந்த தடம், பிறை பிறையாக நாலைந்து. இரண்டில் லேசாக ரத்தம். இடது கையிலும் அதேபோல இருந்தது. அது இன்னும் ஆழம்.

நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"இது எம் பேத்தி" என்று வலது கையைக் காட்டினாள். "இது அந்தக் கட்டிலுப் பொண்ணு. விடியக்காலம் நூத்தியெட்டுல கொண்டாந்து வுட்ருக்காங்க. அம்மாக்காரி கள்ளக்குறிச்சியிலேர்ந்து வரணுமாம். ஒத்தையில கெடக்கு. தெரைய வெலக்கிக்கிட்டுக் கைய நீட்டுச்சி. நான் என்னா பண்ணுவன்? புடின்னு குடுத்தன்." சற்றுப் பொறுத்து, குரலைத் தணித்துச் சொன்னாள்: "அங்க போவக் கூடாதுன்னு சொல்லிதான் உள்ள வுட்டாங்க. சிஸ்டரு பாத்துச்சி. ஒண்ணும் சொல்லல."

சின்னப் பேத்தி மடியில் பாட்டில் ஆறிக் கிடந்தது. ஆயா அதை எடுத்துத் தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றினாள். துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, சுருக்குப் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்தபடி டீக்கடைக்கு ரோட்டைக் கடந்தாள்.